சர்க்கரைச் செருப்பு

சடையாண்டி காலில் செருப்போடு மந்தைக்கு நடந்து வந்தார்.

படிக்கிற உங்களுக்கு இதில் ஒன்றும் தோன்றாது. ஒரு மனிதர் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறார், இதற்கு ஒரு அத்தியாயமா என்று பக்கத்தைப் புரட்டப் போவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டதில், கையிலிருந்த சர்க்கரை பார்க்கும் கருவியே நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

காலை பத்து மணி இருக்கும். பனி விலகி அப்போதுதான் வெயில் இறங்கியிருந்தது. ஊர் கூடும் அந்த மந்தைத் திடலில் பெண்கள் உட்கார்ந்து பூண்டுக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கப் பூண்டு வாசனையும் ஈர மண் வாசனையும். நான் ஒரு அம்மாளின் விரலைப் பிடித்து, ஊசி குத்திச் சொட்டு ரத்தம் எடுக்கப் போகிறேன். அப்போது ‘சப்... சப்...’ என்று ஒரு சத்தம் கேட்டது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அது ஒரு சத்தமே இல்லை. அந்த ஊர்த் தெருவில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. பூண்டு பிரித்த கைகள் நின்றுவிட்டன. குழாயடியில் குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. எடுக்க ஆள் வரவில்லை.

“ஏலே, அவரு கால்ல என்னலே கெடக்கு?” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். என்னவென்று தெரியாமல் இல்லை. கண்ணை நம்ப முடியாமல்தான் கேட்டார்.

சடையாண்டி மந்தை நடுவில் வந்து நின்றார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை.

“பெரியதனக்காரரக் கூப்பிடுங்க. ஊருகிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றார்.

அவர் காலில் இருந்த செருப்பு நான் கொடுத்தது.

ஊரே கோயில்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். போன வாரம் தடுப்பூசிப் பெட்டியோடு நான் ஓடையில் விழுந்த கதையைப் படித்துவிட்டு, ‘எந்த ஓடை?’ என்று ஆறு பேர் கேட்டிருந்தார்கள். ஓடையைச் சொல்லலாம், இதைச் சொல்ல முடியாது. சடையாண்டி என்பதும் நான் வைத்த பெயர்தான். கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய், அங்கிருந்து ஜீப்பில் ஏறி, கடைசியாகக் கல் படிகளில் நடந்து போகிற ஒரு பூண்டுக்கார ஊர் என்பது போதும்.

கிராம சுகாதார செவிலியராக அந்தப் பக்கத்து ஊர்களில் பதினைந்து வருடத்துக்கு மேல் அலைந்தேன். இப்போது ஓய்வு பெற்று செண்பகனூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குக் கதை எழுதுகிறேன்.

ஜீப் நிற்கும் இடத்தில் ஒரு எல்லைக்கல். பக்கத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் வரிசையாக ஊரின் செருப்புகள் எல்லாம் கிடக்கும். ரப்பர் செருப்பு, ஸ்கூல் ஷூ, எல்லைக்கு வெளியே தோட்டத்துக்குப் போடும் முட்டி பூட்ஸ், கல்யாணத்துக்கு வாங்கிய குதிகால் செருப்பு. வெளியூர் போகும்போது மாட்டிக்கொண்டு போவார்கள், வந்ததும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஊருக்குள் நுழைவார்கள். ஊரே சாமிக்குக் கோயில். கோயிலுக்குள் யாராவது செருப்புப் போடுவார்களா? இதுதான் கணக்கு. வீட்டுக்குள்ளும் கூடாது.

கீழே சில ஊர்களில் சிலரை மட்டும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைத்த அசிங்கம் எனக்குத் தெரியும். அந்த எண்ணத்தோடுதான் முதலில் நானும் முறைத்தேன். இது அது இல்லை. கலெக்டர் வந்தாலும் கழற்றத்தான் வேண்டும், வந்தார், கழற்றினார்.

எல்லைக்கல்லுக்கு விளக்குப் போடுவதும், வருகிறவர்களை நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்வதும் சடையாண்டி குடும்பத்துப் பொறுப்பு. நான் முதன்முதலில் போன அன்று விஷயம் தெரியாமல் விறுவிறுவென்று படியேறிவிட்டேன்.

“யம்மா! நில்லுங்க! கழட்டுங்க!” என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

“கால்ல ஆணி குத்துனா நீங்களா ஊசி போடுவீங்க?” என்றேன். எனக்கு அப்போது வாய் அதிகம். இப்போதும் குறைவில்லை.

“நீங்கதான போடுவீங்க? அதுக்குத்தான வந்திருக்கீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றினேன். அபராதம் ஒரு தேங்காய் என்றார். என்னிடம் தேங்காய் ஏது? அவரே தன் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, அதை என்னிடமிருந்து முறைப்படி வாங்கிக்கொண்டார். சட்டமும் தப்பவில்லை, நானும் தப்பித்தேன். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடித்துப்போனது.

தலையணைக்கு அடியில் மல்லிகை

அதற்கும் முந்தைய கதை ஒன்று இருக்கிறது.

நர்ஸ் பயிற்சியில் நாங்கள் இருபத்தாறு பேர் ஒரே ஹாலில் தங்கியிருந்தோம். பூ வைக்கக் கூடாது என்பது விதி. மதுரைப் பக்கத்துப் பெண்களைப் பூ வைக்காதே என்றால் எப்படி? நான் தினமும் ஒரு முழம் மல்லிகையை வாழையிலையில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். விளக்கணைத்த பிறகு இருட்டில் தலையில் வைத்துக்கொண்டு படுப்பேன். விடிவதற்குள் எடுத்து ஜன்னல் வழியே எறிந்துவிடுவேன். நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துப் பயந்து செத்தேன்.

ஒரு முழத்துக்கு ஹால் முழுக்க அப்படி மணக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். இருபத்தாறு தலையணைக்கு அடியிலும் மல்லிகை இருந்திருக்கிறது.

ஒருநாள் ஒரு பெண் மாட்டினாள். அவளை ஹால் நடுவில் நிறுத்தி வார்டன் திட்டியபோது நாங்கள் இருபத்தைந்து பேரும் அவளை ஒரு குற்றவாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தோம். ஒருத்தி ‘சீ’ என்றுகூடச் சொன்னாள். அது நானாக இருக்கக் கூடாது என்று பல வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். சரியாக ஞாபகம் இல்லை.

எங்க வீடு மட்டுந்தான்

சர்க்கரை முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, கங்கு சுட்டாலும் தெரியாது. காயம் சீழ் பிடித்து நாறும்போதுதான் பார்ப்பார்கள். இப்படிப்பட்டவர்களுக்கென்று, உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு உண்டு. எங்கள் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுப்போம். சர்க்கரைச் செருப்பு என்பது நான் வைத்த பெயர்.

வீடு வீடாக மாத்திரை கொடுக்கப் போகத் தொடங்கிய பிறகுதான் அந்த ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. முதலில் ஒரு அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நர்சம்மா, செருப்பு ஒண்ணு குடுத்தா வீட்டுக்குள்ள மட்டும் போட்டுக்குவேன். கதவச் சாத்திக்கிட்டு. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும். ஊருல எங்க வீடு மட்டுந்தான் இப்படி.”

உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்து எல்லைக்கல்லைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சடையாண்டி என் பையைச் சோதித்ததே இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அன்று அவர் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் இன்னொரு வீடு. “எங்க வீடு மட்டுந்தான்” என்றார்கள். அதற்கடுத்த மாதம் இரண்டு வீடு. அவர்களும் அதையேதான் சொன்னார்கள். அரிசி டிரம்முக்குள் ஒரு ஜோடி. டி.வி. வாங்கிய அட்டைப்பெட்டியில் ஒரு ஜோடி. பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே ஒரு ஜோடி. “சாமி அறையில மட்டும் வைக்கல நர்சம்மா, அது வரைக்கும் பயம் இருக்கு,” என்றார் ஒருவர்.

இரண்டு வருடத்தில் பதினொரு வீடு ஆகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் சத்தியம் செய்து கொடுத்தேன். பக்கத்து வீடு, எதிர்த்த வீடு, கொடுக்கல் வாங்கல் உள்ள வீடு, ஒருவருக்கும் அடுத்தவரைப் பற்றித் தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

பதினொன்றில் ஒன்று சடையாண்டியின் வீடு.

அவருக்கில்லை, அவர் மனைவி பேச்சியம்மாவுக்கு. அப்போது சடையாண்டிக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. பேச்சியம்மா செருப்பைப் பூண்டுப் பரணில் சாக்குக்குள் வைத்திருந்தார். கணவர் தோட்டத்துக்குப் போனதும் எடுத்துப் போட்டுக்கொள்வார். “அவருக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுல சேக்க மாட்டாரு நர்சம்மா. ஊருக்கே சட்டம் சொல்ற மனுசன்,” என்பார்.

ஒளித்துப் போட மாட்டேன்

சடையாண்டிக்குக் காயம் வந்தது பூண்டுக்குப் புகை போடும் கொட்டகையில். கங்கு ஒன்றை மிதித்திருக்கிறார். சுட்டதே தெரியவில்லை. தோல் கருகுகிற வாடையை மோந்துதான் காலைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் சர்க்கரை பார்த்தோம். எண்ணைச் சொன்னால் நீங்கள் பயப்படுவீர்கள்.

ஆறு மாதம் கட்டுப் போட்டேன். ஆறுகிற மாதிரி இருக்கும், மறுபடியும் வெறுங்காலோடு ஊருக்குள்ளேயே இருந்த தன் தோட்டத்துக்கும் எல்லைக்கல்லுக்கும் நடந்து கிழித்துக்கொண்டு வருவார். டாக்டரே ஒருநாள் மேலே வந்து பார்த்துவிட்டு, செருப்பில்லாமல் இன்னும் ஒரு மாதம் நடந்தால் கால் போய்விடும் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

நான் ஒரு ஜோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வீட்டுக்குள்ள போட்டுக்கங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றேன். பழகிப்போன வசனம்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“ஒளிச்சுப் போடவா? நான் என்ன திருடனா? போடுறதுன்னா ஊரக் கேட்டுட்டுத்தான் போடுவேன்.”

பேச்சியம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவர் கண்ணும் ஒரு விநாடி சந்தித்தன. அவர் குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள்தான் அவர் மந்தைக்கு நடந்து வந்தது.

தட்டு சுற்றி வந்தது

அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. குடும்பத்துக்கு ஒருவர் தரையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். பெரியதனக்காரர், ஊர்த் தலைவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு அவமானமும் கோபமுமாக முகம் சிவந்திருந்தது.

“என்னப்பா சடையாண்டி இது? எத்தன பேர எல்லையில நிறுத்திக் கழட்டச் சொல்லியிருக்க? நீயே இப்படிச் செஞ்சா?”

“சர்க்கரைக் காயம்ங்க. செருப்பு போடாட்டி காலு போயிரும்னு டாக்டர் சொல்லிப்புட்டாரு. ஆறுற வரைக்கும் ஊரு எனக்கு விலக்கு குடுக்கணும். ஆறுனதும் கழட்டிருவேன்.”

“கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்ல?”

“கழட்டி வச்சிட்டு இங்க நடந்து வர்றதுக்குக் காலுக்குத் தெம்பு இல்லங்க. அதான் போட்டுக்கிட்டே கேக்க வந்தேன். பட்டப்பகல்லதான வந்திருக்கேன்? ஒளிஞ்சு மறைஞ்சு போடலையே?”

அந்தச் சொல்லுக்குக் கூட்டத்தில் சில தலைகள் குனிந்தன. எந்தத் தலைகள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

“இன்னிக்கு இவருக்கு விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனும் போடுவான்!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அவர் வீட்டில் இரண்டு பேருக்குச் சர்க்கரை, இரண்டு ஜோடி. அன்று அவரைவிடச் சத்தமாக யாரும் பேசவில்லை.

பெரியதனக்காரர் என் பக்கம் திரும்பினார். “நர்சம்மா, நீங்க சொல்லுங்க. நீங்கதான கட்டுப் போடுறீங்க? செருப்பு போடாம, மருந்து மட்டும் போட்டா ஆறாதா?”

எனக்குப் பதில் தெரியும். ஆறாது. ஒரே சொல். கொட்டை எழுத்தில் எழுதிச் சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அதில் பதினொரு வீட்டுக் கண்கள் வேறு மாதிரி பார்த்தன. சொல்லிவிடாதே என்று கெஞ்சின. பேச்சியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பத்திரமா பாத்துக்கிட்டா... ஆறலாம்,” என்றேன்.

சடையாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி பார்த்தார்.

அந்த ஊரில் முடிவெடுக்கும் முறை இது. திருநீற்றுத் தட்டு ஒவ்வொரு குடும்பத்திடமும் வரும். ஊர் சொல்வது சரி என்றால் எடுத்துப் பூசிக்கொள்ள வேண்டும். சரியில்லை என்றால் தொடாமல் அடுத்தவரிடம் நகர்த்தலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்கக் கூடாது. அவ்வளவு நல்ல முறை.

விலக்கு கிடையாது, அபராதம் ஒரு தேங்காய், உடனே கழற்ற வேண்டும் என்று சொல்லித் தட்டை விட்டார்கள்.

முதல் ஆள் எடுத்துப் பூசினார். அரிசி டிரம். இரண்டாமவர், மூன்றாமவர் வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை, எடுத்தார்கள். நான்காவது பட்டுப்புடவைக்குக் கீழே. எடுத்தார். அடுத்தவர் வைக்கோல் போருக்குள் செருகி வைத்தவர். எடுத்தார், பாதித் திருநீறு மடியில் கொட்டியது. கத்தினவர் மூன்று விரலில் அள்ளிப் பட்டையாகவே போட்டுக்கொண்டார். கடைசியாகப் பெரியதனக்காரர். டி.வி. அட்டைப்பெட்டி. அவரும் எடுத்தார்.

சடையாண்டி வீட்டுக்கும் தட்டு வந்தது. அவருக்கு எதிரான முடிவுதான் என்றாலும், முறை முறைதானே? அவர் குனிந்து எடுத்துப் பூசிக்கொண்டார்.

தட்டைத் தொடாமல் நகர்த்த ஒரே ஒரு கைகூட இல்லையா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வந்த ‘ஆறலாம்’ எனக்கு அப்போது மறந்தே போயிருந்தது.

சடையாண்டி செருப்பைக் கழற்றி, மண்ணைத் தட்டிவிட்டு, என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

“வச்சுக்கங்க நர்சம்மா. வேற யாருக்காச்சும் ஆகும்.”

கொஞ்சம் வேறு பேச்சு

இந்த இடத்தில் நேராக மேலே எழுத வரவில்லை. ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

மலைக்கு ஏறும் வழியில், தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று வண்டிகளை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒருநாள் நான் வந்த பஸ்ஸுக்கு முன்னால் ஒரு காரைச் சோதித்துப் பாட்டில்களை எடுத்துப் போட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “இவங்களாலதான் மலையே நாறுது, அபராதத்தத் தீட்டணும்!” என்று கொதித்தார். எங்கள் பஸ்ஸில் சோதிக்க ஆள் ஏறியதும் தன் தண்ணீர் பாட்டிலைச் சேலை மடிப்புக்குள் சொருகி, என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் பைக்குள்ளும் ஒன்று இருந்தது.

மனிதர்கள் சட்டத்தை ஏன் மீறுகிறார்கள் என்று பேசுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை மீறுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை, எல்லோரும் செய்கிறோம். அனுமதி கேட்டுவிட்டு மீற வந்த ஒரே ஆளைத்தான் நாங்கள் தண்டித்தோம்.

ஆறவில்லை

ஐந்தாவது வாரம் விரல்கள் கறுத்தன. ஜீப்பில் போட்டுக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செய்தி எனக்குப் போனில் வந்தபோது ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்தேன். விரலில் மை வைத்தேன். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆச்சு நர்சம்மா என்று கேட்டார்கள், சர்க்கரை இறங்கிவிட்டது என்றேன். எனக்குச் சர்க்கரையே கிடையாது.

“ஏம்மா, அவருக்குச் செருப்பு குடுத்தீங்கல்ல?” என்று டாக்டர் கேட்டார். “குடுத்தேன் சார்,” என்றேன். பதிவேட்டில் அவர் கையெழுத்தும் இருந்தது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். ரகசியத்தைக் காப்பாற்றப் பெயர்களைச் சொல்லாமல் இருந்தால் போதும். செருப்பில்லாவிட்டால் கால் போய்விடும் என்று சொல்வதற்கு யாருடைய ரகசியமும் குறுக்கே நிற்கவில்லை. எண்பது குடும்பம் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, மறுபக்கம் எழுந்து நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான்.

எல்லைக்கல்லில்

பல மாதம் கழித்து செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று பேச்சியம்மா முந்தின நாளே மேலே வந்துவிட்டார். நான் சடையாண்டியோடு ஜீப்பில் வந்தேன். அவர்தான் கூப்பிட்டார். வழியெல்லாம் பூண்டு விலையைப் பற்றியே பேசினார். மந்தையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லைக்கல்லுக்கு மேலே படியோரம் ஊரே திரண்டு நின்றது. பேச்சியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். பெரியதனக்காரர் மாலை வைத்திருந்தார்.

சடையாண்டி ஜீப்பிலிருந்து இறங்கி, மெதுவாக நடந்து தகரக் கொட்டகைக்குள் போய் அங்கிருந்த பலகையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல காலிலிருந்த செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிச் செயற்கைக் காலின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.

“என்ன பண்றீங்க?” என்றேன்.

“செருப்போட சேத்து அளவெடுத்துச் செஞ்ச காலு நர்சம்மா. செருப்ப மட்டும் கழட்டுனா பின்னால சாயுது. நிக்க முடியல. அதான்.”

காலைக் கழற்றி எடுத்து, ஊர்ச் செருப்புகளுக்கு நடுவில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். வெட்டிய முனையில் துணி சுற்றியிருந்தது. ஜீப்புக்குள் கிடந்த ஊன்றுகோலை எடுத்துத் தரச் சொல்லிக் கையை நீட்டினார்.

நான் எடுத்துத் தரவில்லை. மேலே நின்றவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பெரியதனக்காரர் கையில் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. ‘அப்படியே வாப்பா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுங்களேன், சொல்லுங்களேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

பேச்சியம்மா ஆரத்தித் தட்டைப் படியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று மேலே இருந்த தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது, முதலில் சத்தம்தான் கேட்டது.

‘சப்... சப்...’

கூட்டம் விலகி வழிவிட்டது. ஒவ்வொரு படியாக இறங்கி, எல்லைக்கல்லைத் தாண்டி வந்து, கொட்டகையிலிருந்த காலை எடுத்து அவர் முன்னால் மண்டி போட்டார்.

“மாட்டுங்க.”

சடையாண்டி காலைப் பார்க்கவில்லை. மனைவியின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு நன்றாகத் தேய்ந்திருந்தது.

“இது யாருது?”

“என்னுதுதான்.”

“எப்ப இருந்து?”

“நீங்க மந்தையில நின்னீங்கல்ல, அதுக்கு ரெண்டு வருசம் முந்தி.”

பேச்சியம்மா வாயை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். சடையாண்டி என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குத் தெரியுமா நர்சம்மா?”

“தெரியும். நான்தான் குடுத்தேன்.”

“வேற யாரு வீட்டுலயாச்சும் இருக்கா?”

மேலே நின்ற ஊர் என்னையே பார்த்தது. மறுபடியும் அதே கண்கள்.

“பேரு சொல்ல மாட்டேன். உங்க வீட்டையும் சேத்து பதினொரு வீடு,” என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். படியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அவர்கள் முகத்தில் வந்த அதிர்ச்சியை என்னால் மறக்க முடியாது. மாட்டிக்கொண்டோம் என்கிற பயம் இல்லை அது. ஒவ்வொருவரும் திரும்பித் திரும்பிப் பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்த்தார்கள். செருப்பை ஒளித்து வைத்திருந்த ஒவ்வொருவரும் மற்ற பத்து வீட்டுக்காரர்களைத் தேடினார்கள்.

சடையாண்டி அவர்களைப் பார்க்கவில்லை. வேட்டிக்குக் கீழே காலில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பதினொன்னா,” என்றார். “எனக்கு ஒருத்தர் போதும்ல நர்சம்மா. எங்க வீட்டுலயும் கெடக்குன்னு ஒருத்தர் எந்திரிச்சிருந்தா போதும்ல.”